ஏழரை லிட்டர்

ராயக்கோட்டை ஆயில் கடைத் திம்மராயன்
டப்பாவைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு
விலையைக் கடைசியில்தான் சொன்னார்.
நாலாயிரத்து எண்ணூறு.
நான் எப்போதும் வாங்குவது இதில் பாதி.
"முழு சிந்தெடிக் அக்கா.
ஐநூறு மணி தாங்கும்.
பழசு இருநூத்தம்பதுக்கே கரியாயிடும்."

எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை,
ஆனாலும் எண்ணெய்.
எங்கோ ஓர் ஆலையில்
அணு அணுவாகக் கோத்ததாம்.
மூடி திறந்து முகர்ந்தேன்,
எதன் வாசமும் இல்லை.
ஏழரை லிட்டர் என்று அச்சடித்திருந்தது.
எனக்கு நடப்பதும் அதுதான் என்று
காரிமங்கலத்து ஜோசியர் போன தையில் சொன்னது
அந்நேரம் பார்த்து ஞாபகம் வரவேண்டுமா!

வாங்கினேன்.

லாரிக்குக் கிலோமீட்டர், டிராக்டருக்கு மணி.
எவ்வளவு தூரம் போனாய் என்று
இதை யாரும் கேட்பதில்லை.
ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மணி.
அதில் நான் ஓட்டியது ஆயிரத்துச் சொச்சம்,
மீதியெல்லாம் தேன்கனிக்கோட்டையில் இதை விற்றவரும்
அவருக்கு விற்ற யாரோவும்.
என் நோட்டில் இப்படி இருக்கும்:
மாரண்டஅள்ளி, ரோட்டவேட்டர், நாலு மணி, பாக்கி.
பஞ்சப்பள்ளி, கேழ்வரகுக் கொல்லை, இரண்டரை, பாதி கொடுத்தார்.
மறுபடி மாரண்டஅள்ளி,
தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கிவிட்டது,
கேட்கவில்லை.

பழைய எண்ணெயை இறக்கினேன்.
தார் மாதிரி இழுத்துக்கொண்டு விழுந்தது.
புதியது உள்ளே போன சத்தமே கேட்கவில்லை.
மறுநாள் விடியற்காலை நாலரை,
மார்கழிப் பனியில் எதிர்த் தென்னை தெரியவில்லை,
மூன்று முறை இருமிவிட்டுத்தான் எழும் வண்டி
சாவி திருகிய கையை எடுப்பதற்குள்
எழுந்து நின்றது.
நாலாயிரத்து எண்ணூறு
அந்த ஒரு நிமிடம்
வலிக்கவில்லை.

நாற்பது மணி ஓடியிருக்கும்.
ஷெட்டுத் தரையில் ஒரு ரூபாய்க் காசளவு கறை.
இரண்டு நாளில் தோசையளவு.

ஜபருல்லா அடியில் மல்லாந்து படுத்து
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி பார்த்தார்.
வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.
"எண்ணெய் மேல குத்தமில்லக்கா.
சீல் எப்பவோ போயிடுச்சு.
இத்தன வருசம் புடிச்சிட்டிருந்தது அழுக்கு.
இது உள்ள போயி எல்லாத்தையும் கழுவிடுச்சு.
ஓட்ட புதுசில்ல,
தெரிஞ்சதுதான் புதுசு."

அவர் ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தார்.
நான் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதப்பன் தொப்பூர் இறக்கத்தில் கால் முறிந்து
வீட்டில் கிடந்த வருஷம்தான்
கணக்கு நோட்டு முதல்முதலாய் என் கைக்கு வந்தது.
வரிவரியாகக் கூட்டினேன்.
மாதம் இரண்டாயிரம் எங்கோ போய்க்கொண்டிருந்தது.
கூட்டாமல் இருந்தவரை
கொழுந்தன் ஞாயிறுதோறும் வந்தான்,
கறி எடுத்து வந்தான்,
குழந்தைகளுக்கு முறுக்கும்.
கூட்டியதைப் படித்துக் காட்டிய பிறகு
எங்கள் தெரு வழியாக அவன் வண்டி போவதில்லை.
மாதப்பன் இன்றுவரை சொல்கிறார்,
"அப்படியே விட்டிருக்கலாம்."

சீல் எண்ணூற்று அறுபது, கூலி ஆயிரத்து இருநூறு.
"வேணும்னா பழைய எண்ணெய்க்கே மாறிடுங்க,
கொஞ்ச நாள்ல அதுவே அடைச்சிக்கும்" என்று
ஜபருல்லா நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.
இன்ஜினைப் பிரிக்கச் சொன்னேன்.

காலி டப்பாவைக் கமலி தண்ணீருக்கு எடுத்துப் போனாள்.
இரண்டு சோப்பு கரைந்தும்
அவள் கையில் அது நிற்க மாட்டேன் என்கிறது.

இப்போது ஆறாயிரத்து ஐந்நூற்று மூன்று.
வண்டிக்கு அடியில்
மாம்பழக்கூழ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்திருக்கிறேன்.
விழித்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பது,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு.

நேற்று ஒன்றுமில்லை.
இன்று ஓரத்தில் ஒரு புள்ளி.
எண்ணெயா, பனியா என்று
விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும்.